தங்கிவிடு என்றொரு பெயர்

செப்டம்பர் 27, ஞாயிறு

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இங்கே கொடிக்கயிறு மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து எதிர்க் கம்பம் வரை உருளையில் ஓடும். என் நீலச் சுடிதார் பாதி வழி போயிருந்தபோது எல்லா வீட்டுத் தொலைக்காட்சியும் ஒரே நேரத்தில் சத்தமாகிவிட்டது. எல்லையில் போர் தொடங்கிவிட்டதாம்.

தலைநகர் யெரெவானில், இங்கே, எதுவும் விழவில்லை. வானம் சுத்தமாக இருக்கிறது. ஆனாலும் சுடிதாரை இழுத்து உள்ளே போட்டு ஜன்னலைச் சாத்திவிட்டேன். மருத்துவம் படிக்க ஆர்மீனியா வந்து ஐந்தாவது வருடம். பரீட்சைக்குப் பயந்திருக்கிறேன், பனியில் வழுக்கி விழப் பயந்திருக்கிறேன். இது வேறு பயம்.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி ஹஸ்மிக் அக்கா தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியைக் காலி செய்து கழுவ ஆரம்பித்தார். போன வாரம்தான் கழுவினார். அவருடைய ஒரே மகன் மினோ கட்டாய ராணுவச் சேவையில் எல்லையில் இருக்கிறான். பத்தொன்பது வயது. கணவர் வாஹான் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறார். கொரோனாவால் விமானம் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். ஆக, இந்த வீட்டில் அவரும் நானும்தான்.

அம்மா கோவில்பட்டியிலிருந்து நான்கு முறை கூப்பிட்டாள். "கிளம்பி வந்துரு தாயி, படிப்பு கிடக்கட்டும்." விமானம் இல்லை என்றேன். அப்படியென்றால் ரயிலில் வா என்கிறாள்.

செப்டம்பர் 28, திங்கள்

மாலையில் முதல் பட்டியலை வெளியிட்டார்கள். இறந்த வீரர்களின் பெயர்கள். போனில் எல்லோரும் படிக்கிறார்கள். பேருந்தில் என் பக்கத்தில் நின்றவர் படித்துவிட்டு, தன் நிறுத்தம் வருமுன்பே இறங்கிப் போய்விட்டார்.

ஹஸ்மிக் அக்கா ரொட்டிக் கடை வேலையிலிருந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் என்னிடம் கேட்டார்.

"பொன்னு ஜான், உனக்கு எங்க எழுத்து நல்லா வாசிக்க வருமே. தினம் நீ பார்த்துச் சொல்லு. என்னால முடியாது."

ஜான் என்றால் கண்ணு, செல்லம். கடைக்காரரும் ஜான், கறி வெட்டுபவரும் ஜான், இவருக்கு நானும் ஜான்.

"நானா அக்கா?"

"நீ வெளியூர்க்காரி. அந்தப் பேருங்க உன்னை ஒண்ணும் பண்ணாது."

என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். வந்து "ச்கா" என்றேன். இல்லை என்று அர்த்தம். அவர் அப்போதுதான் கோட்டைக் கழற்றினார்.

அக்டோபர் 1, வியாழன்

அந்தப் பெயர்கள் என்னை ஒன்றும் பண்ணாது என்றது தப்பு. நோயாளிகளோடு பேசுவதற்காகக் கல்லூரியில் மூன்று வருடம் இந்த மொழி சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் பெயர்கள் எனக்கு வெறும் ஒலியாக இல்லாமல் போய்விட்டன. தெரியாததைப் போனில் தேடிப் பார்க்கிறேன். தேடாமல் இருக்க முடியவில்லை.

நிவேர் என்றால் பரிசு. அசாத், விடுதலை. அரேக், சூரியன். ஹ்ராச்யா, நெருப்புக் கண் உள்ளவன். சுரேன் பாரசீகத்திலிருந்து வந்த பழைய வீரப் பெயர். அர்சேன் கிரேக்கத்திலிருந்து வந்தது. கச்சாதூர், சிலுவை தந்த பிள்ளை. ஹாருத்யூன், உயிர்த்தெழுதல், ஈஸ்டரை ஒட்டிப் பிறந்தவர்களுக்கு வைப்பார்களாம். பல நூறு வருடமாக யார் யாரோ வந்து போன மண் என்பது பெயர்களைப் பார்த்தாலே தெரிகிறது.

இன்று மட்டும் இரண்டு நிவேர். இரண்டு வீட்டில் பரிசு என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஒருவன் 2001இல் பிறந்தவன், இன்னொருவன் 2002. என் தங்கை வயது என்று எழுத வந்தேன். எனக்குத் தங்கை கிடையாது. அதற்குத்தானே எனக்குப் போதும்பொண்ணு என்று பேரே வைத்தார்கள்.

ச்கா.

அக்டோபர் 3, சனி

அக்கா குளிர்காலத்துக்குக் கத்தரிக்காய் சுடுகிறார். சமையலறை முழுக்கப் புகை. நான் தோலுரித்துக் கொடுத்தேன். வழக்கமாக இருபது ஜாடி போடுவாராம், இந்த வருடம் நாற்பது. மினோ வந்து தின்பானாம்.

பேசிக்கொண்டே இருந்தால் நேரம் போகும் என்று என் முழுப்பெயரின் அர்த்தத்தைச் சொன்னேன். போதும்பொண்ணு. அக்கா வாயில் அதுதான் பொன்னு. மூன்று பெண்ணுக்குப் பிறகு நான்காவதும் பெண், இதோடு போதும் என்று வைத்தது. கல்லூரியில் முதல் வருடம் என் வகுப்புத் தமிழ்ப் பையன்கள் ஒருவன் விடாமல் ஓட்டினார்கள். ஹஸ்மிக் அக்கா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"எங்கம்மாவோட சித்தி பேரு பாவகான். போதும்னு அர்த்தம். அஞ்சாவது பொண்ணு. பாவம், ரொம்ப நாள் இருந்தா."

ஏறக்குறைய மூவாயிரம் மைல் தள்ளி வந்தும் இந்தப் பேர் என்னை விடவில்லை.

பிறகு மினோவின் முழுப்பெயரைச் சொன்னார். மினாத்சகன். தங்கிப்போனவன், இருந்துவிட்டவன் என்று அர்த்தம். வாஹானின் அப்பாவுக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகள் தொட்டிலிலேயே போய்விட்டார்களாம். நான்காவதாவது தங்கட்டும் என்று அவருக்கு வைத்த பெயர். அவர் எண்பத்தொரு வயது வரை தங்கினார். தலைமகனுக்குத் தாத்தா பேர் என்பது இங்கே வழக்கம், அதனால் மினோவுக்கு வந்தது.

எனக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது, சொன்னேன். என் அப்பா பேர் பிச்சை. அவருக்கு முன்னால் இரண்டு போய்விட்டதால் அவரைக் குப்பையில் போட்டு எடுத்து, பிச்சை என்று பேர் வைத்தார்கள். எமன் கேட்டால் எங்களுடையது இல்லை, பிச்சை வாங்கியது என்று சொல்லலாம் அல்லவா. இங்கே கல்லூரிப் பதிவேட்டில் குடும்பப் பெயர் வேண்டும் என்றதால் அதுதான் என் குடும்பப் பெயரும். ஆசிரியர்கள் மிக மரியாதையாக "மிஸ் பிச்சை" என்பார்கள்.

அக்கா இதற்கு மட்டும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றார்.

ச்கா.

அக்டோபர் 6, செவ்வாய்

மினோ பேசினான்! யாருடைய போனிலிருந்தோ, நாற்பது விநாடி. அக்கா ஒலிபெருக்கியில் போட்டார். சாப்பிட்டேன், குளிரவில்லை, காலுறை கிடைத்தால் அனுப்பு, டோலிக்கிடமிருந்து ஏதாவது தகவல் உண்டா. அவ்வளவுதான், துண்டித்துவிட்டது.

டோலிக் என்பவன் வாஹானின் அண்ணன் குர்கெனின் மகன். கியூம்ரி ஊர்க்காரன், மினோவை விட மூன்று மாதம் மூத்தவன், அவனும் வேறெங்கோ எல்லையில்தான் இருக்கிறான். போன வருடம் இருவரும் இந்தச் சமையலறையில் ஒரு முழுத் தர்ப்பூசணியைக் கரண்டியால் தோண்டித் தின்று தீர்த்ததைப் பார்த்திருக்கிறேன்.

அக்கா அந்த அழைப்பு வந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி, ரொட்டிப் பெட்டி மேல் ஒட்டினார். திரும்பக் கூப்பிட்டால் யாரும் எடுப்பதில்லை.

அக்டோபர் 8, வியாழன்

ச்கா. அழைப்பும் இல்லை.

அக்டோபர் 10, சனி

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் நுழைவாயில் வீட்டுக்கு இரண்டு சீருடைக்காரர்கள் வந்தார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவர்கள் வாசல் எண்ணைத் தேடி முதலில் எங்கள் வாசலில் நின்றார்கள். அரை நிமிடம் இருக்குமா? அக்கா கடையில் இருந்தார், நல்லவேளை. பிறகு அங்கிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை எழுத மாட்டேன்.

எங்கள் வாசலைத் தாண்டிப் போனதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதையும் எழுதியிருக்க வேண்டாம்.

ச்கா.

அக்டோபர் 12, திங்கள்

இன்று பட்டியல் நீளம். வந்து "ச்கா" என்றேன். பிறகு குளியல் தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன், வெந்நீர்க் குழாயின் கறை போகவே இல்லை. அக்கா முட்டைக்கோஸ் இலையில் கறியைச் சுருட்டிச் சமைத்திருந்தார். பசிக்கவில்லை என்றேன். மருந்தியல் வகுப்பு நாளைக்குத் தள்ளிப்போயிருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

அக்டோபர் 13, செவ்வாய்

நேற்று எழுதியது பொய். நாட்குறிப்பிலேயே பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

பெயர் இருந்தது. குடும்பப் பெயர் முதலில், பிறகு அவன் பெயர்: சிமோன்யன் மினாத்சகன். அந்த இரண்டு சொல்லைப் பார்த்ததும் போனைக் கட்டிலில் கவிழ்த்துவிட்டேன். மறுபடி திறக்கவில்லை. எழுந்து நடந்து சமையலறைக்குப் போனேன். அக்கா அடுப்பைப் பிடித்துக்கொண்டு முதுகு காட்டி நின்றார். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ச்கா" என்று வந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல், "சரி, உக்காரு, சாப்பிடு" என்றார்.

என்ன காரியம் செய்திருக்கிறேன்? ஒரு தாயிடம் அவள் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று சொல்லியிருக்கிறேன். எத்தனை நாள் தாங்கும் இது? எந்த நிமிடமும் அந்த இரண்டு சீருடைக்காரர்கள் வரலாம். கடையில் யாராவது படித்துவிட்டு வாய்விடலாம். ரஷ்யாவிலிருந்து வாஹானும் பட்டியலைப் பார்த்திருப்பாரே, ஏன் கூப்பிடவில்லை?

காலையில் அக்கா கடைக்குப் போனதும் அழைப்புமணியின் கம்பியைப் பிடுங்கிவிட்டேன். இது பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். மணி அடிக்காவிட்டால் கதவைத் தட்டுவார்கள். தெரிந்தேதான் பிடுங்கினேன்.

மாலை மறுபடி பட்டியல். இன்று எதைத் தேடுவது? அறைக்குள் உட்கார்ந்து நூறு வரை எண்ணிவிட்டு வெளியே வந்தேன். ச்கா.

அக்டோபர் 14, புதன்

அம்மாவிடம் சொன்னேன்.

"பெத்தவகிட்ட எப்படித்தா மறைப்ப? சொல்லிப்புடு."

"வாய் வரலம்மா."

"அப்ப நீ அவுகளை விட்டு நகராத. கடைக்குப் போனாலும் கூடவே போ. அந்த நேரத்துல பக்கத்துல ஒரு ஆளு வேணும்."

போதும் என்று பேர் வைத்தவள்தான் இப்போது நாளைக்கு நான்கு முறை கூப்பிடுகிறாள். அப்பா பின்னாலிருந்து, தைரியமாக இருக்கச் சொல்லு என்று கத்தினார். தைரியம் எங்கே விற்கிறது என்று கேட்டிருப்பேன்.

அம்மா சொன்னபடி ரொட்டிக் கடைக்குப் போய் நாள் முழுக்க ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். யார் வாயைத் திறந்தாலும் எழுந்து நின்றேன். அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எனக்கு ரொட்டி பிய்த்துக் கொடுத்தார். அவரும் இரண்டு நாளாக எதுவும் தின்னவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அக்டோபர் 15, வியாழன்

எல்லாம் உடைந்துவிட்டது. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மதியம் வாஹான் கூப்பிட்டார். அக்கா போனை எடுத்து, கேட்டு, "எப்ப அடக்கம்?" என்று மட்டும் கேட்டார். அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து, திங்கட்கிழமையே பார்த்தேன், மன்னித்துவிடுங்கள், சொல்ல முடியவில்லை என்று தமிழும் ஆர்மீனிய மொழியுமாக உளறினேன்.

அவர் என் தலையைப் பிடித்து நிமிர்த்தினார்.

"எழுந்திரு. நானும் திங்கட்கிழமையே பார்த்துட்டேன்."

எனக்குப் புரியவில்லை.

"மினோ இல்ல. டோலிக்."

டோலிக்கின் பதிவுப் பெயரும் மினாத்சகன்தான். குர்கெனுக்கும் அவன்தான் தலைமகன், அவனுக்கும் தாத்தா பெயர். தாத்தா அவர்களோடு ஒரே வீட்டில் இருந்ததால், கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்புகிறார்கள் என்று பேரனை டோலிக் என்று அழைத்திருக்கிறார்கள். குடும்பப் பெயரும் ஒன்று. பட்டியலில் இருவரையும் பிரித்துக் காட்டுவது கடைசியில் வரும் அப்பா பெயர்தான். வாஹானா, குர்கெனா. அதைப் பார்க்காமல்தான் நான் போனைக் கவிழ்த்திருக்கிறேன்.

எங்கள் பங்காளி வீடுகளில் மூன்று கருப்பசாமிகள் உண்டு. இனிஷியலைப் பார்க்காமல் ஒரு கல்யாணப் பத்திரிகையைக்கூட நாங்கள் பிரித்ததில்லை. அப்படி வளர்ந்தவள், அப்பன் பேரைப் பார்க்காமல் ஒரு சாவைத் தூக்கி மூன்று நாள் சுமந்திருக்கிறேன்.

"அக்கா, நீங்க பட்டியலே பார்க்க மாட்டேன்னு சொன்னீங்களே."

"தினமும் உனக்கு முன்னாடி கடையிலேயே பார்த்துருவேன். என் கண்ணை நான் நம்பல. இன்னொரு வாய் இல்லன்னு சொல்லணும், அதை நான் கேக்கணும்."

"அப்ப திங்கக்கிழமை நான் பொய் சொன்னது..."

"தெரிஞ்சுது. உன் மூஞ்சியே சொல்லுச்சு. நீ தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னும் தெரிஞ்சுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!" கத்திவிட்டேன். அவரிடம் இதுவரை குரல் உயர்த்தியதில்லை.

அவர் கதவைப் பார்த்துக்கொண்டு பேசினார். "என்னன்னு சொல்ல? குர்கென்னு அந்த அப்பன் பேரைப் பார்த்ததும் எனக்கு சந்தோஷம் வந்துச்சு பொன்னு. என் மடியில உக்காந்து சாப்பிட்ட பிள்ள. அவன் செத்துட்டான்னு பார்த்துட்டு, அப்பாடான்னேன். அதை எந்த வாயால உங்கிட்ட சொல்லுவேன்?"

இரண்டு பேரும் தரையிலேயே உட்கார்ந்திருந்தோம். குர்கென் மகனின் உடலைத் தேடி எடுத்துவரப் போயிருந்தாராம். ஹஸ்மிக்கின் மகனும் அங்கே இருக்கிறானே என்று, உடல் வரும்வரை சொல்ல வேண்டாமென்று அண்ணனும் தம்பியும் பேசி வைத்திருக்கிறார்கள். ஆளாளுக்கு மறைத்திருக்கிறோம்.

நாளை மறுநாள் கியூம்ரியில் அடக்கம். நீயும் வா, தனியாகப் போய் அனுஷ் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது என்றார். அனுஷ், குர்கெனின் மனைவி. அனுஷ் என்றால் இனிமை.

மினோ இன்னும் பேசவில்லை.

அக்டோபர் 17, சனி

கியூம்ரி போய் வந்தோம். வழியெல்லாம் அக்கா மடியில் போனை வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டு வந்தார். எனக்கு ஒரே பயம், அனுஷ் இவரை என்ன சொல்வாரோ என்று.

பெட்டியை மூடித்தான் வைத்திருந்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தலைமாட்டில் நட வேண்டிய மரச்சிலுவை சுவரோரமாகச் சாய்ந்திருந்தது. அதில் கறுப்பு எழுத்தில் மினாத்சகன் சிமோன்யன். அக்கா அதைப் படித்துவிட்டு என் தோளைப் பிடித்தார். மகன் பெயரைச் சிலுவையில் பார்க்கிற தாய் அந்த அறையில் இரண்டு பேர்.

அனுஷ் எழுந்து வந்தார். ஒல்லியான பெண்மணி, குரல் அழுது அழுது கட்டிப்போயிருந்தது.

"நீ கோயில்ல மெழுகுவத்தி ஏத்துனியா ஹஸ்மிக்?"

"ஏத்துனேன்."

"என்ன பேரு சொல்லி?"

அக்கா சுவரோரச் சிலுவையைப் பார்த்தார்.

"நானும் அதே பேரைத்தான் சொன்னேன். தினமும். மினாத்சகனைக் காப்பாத்துன்னு." அனுஷ் கத்தவில்லை, கணக்குக் கேட்பவர்போல நிதானமாகக் கேட்டார். "என் மெழுகுவத்தியெல்லாம் உன் பிள்ளைக்குப் போயிருச்சா?"

ஹஸ்மிக் அக்கா முழங்காலிட்டு அனுஷின் பாவாடையில் முகத்தை வைத்துக்கொண்டார். அனுஷ் அவரைத் தள்ளவும் இல்லை, தொடவும் இல்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பாடு போட்டார்கள். வெந்த மாட்டிறைச்சியும் ரொட்டியும். அனுஷ் பக்கத்தில் நான், எதிரில் அக்கா. போன் மேஜை மேல் இருந்தது. சுமார் மூன்று மணிக்கு அது அடித்தது. தெரியாத எண்.

அக்கா கையால் அதை மூடினார். அது கைக்குள்ளே அதிர்ந்துகொண்டே இருந்தது. மகன் உயிரோடிருக்கிறான் என்ற செய்தியாக இருக்கலாம், இல்லை என்ற செய்தியாகவும் இருக்கலாம். இரண்டில் எதையும் அந்த மேஜையில் வைத்து அவரால் கேட்க முடியாது.

"எடு," என்றார் அனுஷ்.

அக்கா தலையை ஆட்டினார், முடியாது என்று.

அனுஷ் கையை நீட்டிப் போனை உருவி எடுத்துக் காதில் வைத்தார். "மினாத்சகன் ஜான்?"

இரைச்சல். பிறகு பக்கத்தில் இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. "நான்தாம்மா!"

அனுஷ் கண்ணை மூடிக்கொண்டார்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். அம்மா, உன் குரல் என்ன ஒரு மாதிரி இருக்கு? சளியா?"

"ஆமா. சளி."

"டோலிக் பேசுனானா? பெரியம்மாவுக்கு ஏதாவது தகவல் வந்துச்சா?"

நான் அனுஷின் கையைப் பிடித்தேன். எதற்கென்று தெரியாது. அவர் என் கையை இறுக்கிக்கொண்டு மூச்சை இழுத்தார்.

"பேசுனான். நல்லா இருக்கானாம். நீ ஜாக்கிரதையா இருப்பா. குனிஞ்சே இரு. என்ன? அம்மா சொல்றேன், குனிஞ்சே இரு."

"சரிம்மா. நான்..." துண்டித்துவிட்டது.

அனுஷ் இன்னும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தார். பிறகு அதைத் தன் கறுப்பு உடையில் துடைத்து அக்காவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இருக்கான். சாப்பிட்டானாம்."

அக்கா அழுதுகொண்டே தலையசைத்தார். அவன் வேறென்ன சொன்னான் என்று அங்கேயும் கேட்கவில்லை, திரும்பி வரும்போது வண்டியிலும் என்னிடம் கேட்கவில்லை. மகன் குரலை அவர் கேட்டு இன்றோடு பதினோரு நாள் ஆகிறது.